துறைமுகத்துக்கு ஆறு வழி, சுடுகாட்டுக்கு ஒரு வழி எங்கே?

2025 ஜூலை 26-ஆம் தேதி தூத்துக்குடிக்கு வந்த பிரதமர், விமான நிலையத்தின் புதிய முனையத்தைத் திறந்துவைத்தார். சாலை, துறைமுகம், ரயில் பாதை என்று வேறு பல பணிகளும் அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டன. அவற்றில் இரண்டை நம் மாவட்டத்துக்காரர்கள் நன்றாக அறிவோம். ஒன்று, வ.உ.சி. துறைமுகத்தின் மூன்றாவது வடக்குச் சரக்குத் தளம். செலவு சுமார் ரூ.285 கோடி. இன்னொன்று, தேசிய நெடுஞ்சாலை 138-இல் துறைமுகத்துக்குப் போகும் சாலை. 5.16 கிலோமீட்டர் நீளத்துக்கு அது ஆறு வழியாக்கப்பட்டிருக்கிறது. செலவு சுமார் ரூ.200 கோடி. கணக்குப் போட்டால் கிலோமீட்டருக்கு 39 கோடி ரூபாய்க்குச் சற்றுக் குறைவு.

இந்தச் சாலை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. துறைமுகத்துக்குப் போகும் லாரியை ஓட்டுபவர்களில் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். சரக்கு ஏற்றி இறக்குபவர்களில் நம் அண்ணன் தம்பிகள் இருக்கிறார்கள். லாரி நெரிசலில் நிற்காமல் போனால் அவர்களுக்கும் நல்லதுதான். சென்னை, எண்ணூர் காமராஜர், தூத்துக்குடி என்று மூன்று பெரிய துறைமுகங்களும், 6,500 கிலோமீட்டருக்கும் மேல் தேசிய நெடுஞ்சாலைகளும் இருப்பதால்தான் தமிழ்நாட்டைத் தேடித் தொழிற்சாலைகள் வருகின்றன. அதில் நமக்கு மறுப்பு இல்லை.

நாம் கேட்பது வேறு. அந்தப் பெரிய சாலையிலிருந்து கிளைச் சாலைக்குத் திரும்பி, அங்கிருந்து ஊருக்குள் போய், ஊரைத் தாண்டி நம் தெருவுக்கு வந்து, நம் தெருவிலிருந்து சுடுகாட்டுக்குப் போகும் வழியைப் பாருங்கள். பல ஊர்களில் தார் ரோடு ஊர்ச் சாவடியோடு நின்றுவிடும். அதற்குப் பிறகு சரளை. சரளைக்குப் பிறகு மண். மண்ணுக்குப் பிறகு வயல் வரப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு சாவு விழுந்தால், பாடையைத் தூக்கும் நாலு பேரும் முழங்கால் சேற்றில் இறங்கித்தான் நடக்க வேண்டும். நிலத்துக்காரர் வேலி போட்டிருந்தால் அதுவும் முடியாது.

தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி 1.44 கோடி. ஐந்து பேரில் ஒருவர். இந்த மக்களின் குடியிருப்புகளில் அடிப்படை வசதிகளைச் செய்ய 2023-24 பட்ஜெட்டில் அயோத்திதாசப் பண்டிதர் பெயரில் ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகளுக்கு ரூ.1,000 கோடி. அதாவது மாநிலம் முழுவதற்கும் ஆண்டுக்குச் சராசரியாக ரூ.200 கோடி. துறைமுகச் சாலை மத்திய அரசின் பணம், இது மாநில அரசின் பணம். நம் குடியிருப்புகளுக்கு வேறு திட்டங்களிலிருந்தும் பணம் வருகிறது என்பதும் உண்மை. இருந்தாலும் இரண்டு தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஐந்து கிலோமீட்டர் சாலைக்கு ஆன செலவும், தமிழ்நாட்டின் எல்லாத் தலித் குடியிருப்புகளுக்கும் இந்தத் திட்டத்தில் ஓர் ஆண்டுக்குக் கிடைக்கும் பணமும் ஏறக்குறைய ஒன்று.

ஆனாலும் பணம் மட்டுமே பிரச்சினையாக இருந்தால் என்றாவது ஒருநாள் தீர்ந்துவிடும். பணத்தைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. அது நிலம்.

பட்டா நிலம் என்ற பதில்

சுடுகாட்டுப் பாதை கேட்டு மனு கொடுத்தவர்களுக்கு ஒரு பதில் மனப்பாடமாகியிருக்கும். பாதை கேட்கும் இடம் தனியார் பட்டா நிலம், உரிமையாளர் சம்மதித்தால் பார்க்கலாம் என்பதே அந்தப் பதில். மனு தாலுகா ஆபீசிலிருந்து வி.ஏ.ஓ.வுக்குப் போகும், வி.ஏ.ஓ.விடமிருந்து திரும்ப தாலுகா ஆபீசுக்கு வரும். இதற்குள் இன்னும் இரண்டு சாவு விழுந்திருக்கும்.

இதே அரசு நெடுஞ்சாலைக்கு நிலம் எடுத்தபோது என்ன நடந்தது? 2018-இல் சென்னை–சேலம் எட்டு வழிச் சாலைக்காக, காஞ்சிபுரம் முதல் சேலம் வரை ஐந்து மாவட்டங்களில் 277 கிலோமீட்டருக்கு அளவெடுத்தார்கள். தென்னந்தோப்பு, கிணறு, வீடு எதையும் பார்க்காமல் கல் நட்டார்கள். எதிர்த்துப் பேசியவர்கள் கைது செய்யப்பட்டார்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அந்த நில எடுப்பு அறிவிக்கைகளை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த அறிவிக்கைகள் செல்லும் என்றது. அந்தச் சாலை சரியா தவறா என்பது தனி விவாதம். அந்த நிலங்களும் பட்டா நிலங்கள்தாம். அந்த உரிமையாளர்களும் சம்மதிக்கவில்லை. அரசு அதற்காகக் காத்திருக்கவும் இல்லை.

நம் பாதைக்கு மட்டும் அரசுக்கு அந்த அதிகாரம் இல்லையா? இருக்கிறது. 47 ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது. 1978-இல் தமிழ்நாடு சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அரிசன நலத் திட்டங்களுக்கு நிலம் எடுக்கும் சட்டம் என்று அதற்குப் பெயர். அந்தப் பெயரில் உள்ள சொல்லை நம் மக்கள் ஏற்பதில்லை. ஆனால் சட்டத்தின் உள்ளடக்கத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். வீட்டுமனைக்கு நிலம் எடுக்கலாம். இடுகாடு, சுடுகாட்டுக்கு எடுக்கலாம். வீட்டுக்கும் சுடுகாட்டுக்கும் போகும் பாதைக்கும் எடுக்கலாம். பாதை என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது. முறையும் எளிது. நிலத்துக்காரருக்கு நோட்டீஸ் கொடுத்து, அவர் சொல்வதைக் கேட்டு, நிலம் தேவை என்று கலெக்டர் முடிவு செய்தால், மாவட்ட அரசிதழில் அறிவித்து எடுத்துக்கொள்ளலாம். சென்னைத் தலைமைச் செயலகம் வரை போக வேண்டியதில்லை. இந்தச் சட்டம் அடிப்படையில் செல்லும் என்று 1990-களிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இழப்பீட்டைத் தவணையாகக் கொடுக்கலாம் என்ற பிரிவை மட்டும்தான் ஏற்கவில்லை.

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. 2013-இல் மத்திய அரசு புதிய நிலம் கையகப்படுத்தும் சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தின் கெடுபிடிகள் தமிழ்நாட்டின் மூன்று சட்டங்களைத் தொடக்கூடாது என்று நம் மாநில அரசு தனித் திருத்தம் கொண்டுவந்தது. 1978 சட்டம் ஒன்று. தொழிற்சாலைகளுக்கு நிலம் எடுக்கும் 1997 சட்டம் இரண்டு. 2001-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நெடுஞ்சாலைச் சட்டம் மூன்று. 2019 ஜூலையில் உயர் நீதிமன்றம் இந்த ஏற்பாட்டைச் செல்லாது என்றது. அரசு விடவில்லை. அதே ஆண்டில் மூன்று சட்டங்களுக்கும் மறுபடி உயிர் கொடுக்கப் புதுச் சட்டம் இயற்றி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் வாங்கியது. 2021 ஜூன் 29-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது.

நெடுஞ்சாலைக்கும் தொழிற்பேட்டைக்கும் நிலம் எடுப்பதற்காக அரசு உச்ச நீதிமன்றம் வரை போய்க் காப்பாற்றிய அதே கூடையில், நம் சுடுகாட்டுப் பாதைக்கான சட்டமும் பத்திரமாக இருக்கிறது. மற்ற இரண்டையும் எடுத்துப் பயன்படுத்தும் கை, இந்த மூன்றாவதை எடுக்கத் தயங்குகிறது. சட்டம் இல்லை என்று இனி எந்த அதிகாரியும் நம்மிடம் சொல்ல முடியாது.

பாலத்திலிருந்து இறங்கிய பாடை

2019 ஆகஸ்ட். அப்போதைய வேலூர் மாவட்டம் வாணியம்பாடி அருகே நாராயணபுரம். இறந்துபோன ஒரு தலித் மனிதரின் உடலைப் பாலாற்றங்கரைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். வழியில் இருந்த நிலத்தின் உரிமையாளர்கள் விடவில்லை. உறவினர்கள் உடலைப் பாலத்தின் மேல் கொண்டுபோய், கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். அந்தக் காணொளியை நாடே பார்த்தது. உயர் நீதிமன்றம் தானாகவே அந்த வழக்கை எடுத்து விசாரித்தது. மாவட்ட நிர்வாகம் அதன் பிறகு மயானத்துக்கு இடம் ஒதுக்கியது.

அந்தப் படத்தை மறுபடி நினைத்துப் பாருங்கள். அங்கே பாலம் இருக்கிறது. கான்கிரீட்டும் கம்பியும் போட்டு அரசு கட்டிய நல்ல பாலம். அதன் மேல் பஸ் போகிறது, லாரி போகிறது. அரசின் கணக்கேட்டில் அது வளர்ச்சி. ஆனால் பாலத்துக்குக் கீழே இருக்கும் சுடுகாட்டுக்குப் போக நடைபாதை அளவுக்குக்கூட நிலம் இல்லை. கட்டமைப்பு என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதை இந்த ஒரு காட்சி கேட்கிறது. காணொளி பரவிய சில நாட்களில் இடம் கிடைத்தது என்றால், அதற்கு முன்பும் கொடுத்திருக்க முடியும் என்பதுதான் பொருள்.

500 மீட்டர் கணக்கு

நம் தெருவுக்குச் சாலை வராததற்கு இன்னொரு காரணம், சாலையைக் கணக்கெடுக்கும் விதம். 2000 டிசம்பர் 25-இல் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். சாலை இல்லாத குடியிருப்புகளுக்குச் சாலை கொடுப்பதுதான் அதன் நோக்கம். நல்ல நோக்கம். நாடெங்கும் அந்தத் திட்டத்தால் லட்சக்கணக்கான கிலோமீட்டர் சாலை வந்திருக்கிறது.

ஆனால் சாலை இல்லாத குடியிருப்பு எது? அந்தத் திட்டத்தின் விதிப்படி, சமவெளியில் தார்ச் சாலை போன்ற எல்லாப் பருவத்துக்கும் ஏற்ற சாலையிலிருந்தோ, சாலை வசதி பெற்ற இன்னொரு குடியிருப்பிலிருந்தோ குறைந்தது 500 மீட்டர் தள்ளி இருந்தால்தான் அது சாலை இல்லாத குடியிருப்பு. அதற்குள் இருந்தால் சாலை இருப்பதாகவே கணக்கு.

நம் ஊர்களில் ஊருக்கும் காலனிக்கும் எவ்வளவு தூரம்? சில இடங்களில் 200 மீட்டர். சில இடங்களில் 300, 400 மீட்டர். நடுவில் ஒரு ஓடையோ, குளத்துக்கரையோ, வயலோ இருக்கும். தொட்டால் தீட்டு என்று தள்ளி வைத்தவர்கள், கூப்பிட்டால் வேலைக்கு வரும் தூரத்தில்தான் நம்மை வைத்தார்கள். தீண்டாமை அளந்து வைத்த அந்த இடைவெளி, சாலைத் திட்டத்தின் 500 மீட்டருக்குள் கச்சிதமாக அடங்கிவிடுகிறது. ஊருக்குச் சாலை வந்ததும், ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நமக்கும் வந்துவிட்டதாகக் கணக்கு முடிந்துவிடுகிறது. விதியை எழுதியவர்கள் சாதியை நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள். சாதி இருக்கும் ஊரில் சாதியை நினைக்காமல் எழுதப்படும் விதி சாதிக்கே சாதகமாகிவிடும்.

2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். அந்தச் சொல்லில் இழிவு ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் பலகையில் பெயர் மாறினால் போதாது, பலகை நிற்கும் தெருவின் மண்ணும் மாற வேண்டும்.

பஸ் எங்கே நிற்கிறது?

சாலை இருந்தால் பஸ் வரும், பஸ் வந்தால் எல்லாரும் ஏறலாம் என்பது இன்றைய மாணவர்களுக்கு இயல்பான எண்ணம். இது தானாக வந்த உரிமை அன்று. நூறு ஆண்டுகளுக்கு முன்பு பொதுச் சாலையில் நடப்பதே நமக்கு மறுக்கப்பட்டது. 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம்தான், பொதுச் சாலை, கிணறு, பொது இடங்களை எல்லாரும் பயன்படுத்தலாம் என்று அரசைச் சொல்ல வைத்தது. பிறகு பஸ்கள் வந்தன. பஸ்காரர்கள் நம்மை ஏற்ற மறுத்தார்கள். அப்போது இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார், ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பஸ்ஸுக்கு உரிமம் கிடையாது என்று உத்தரவு போட்டார். அதிகாரத்தில் இருந்த ஒருவர் உறுதியாக நின்றதால் நடந்தது அது.

பஸ்ஸுக்குள் ஏறிய பிறகும் சாதி இறங்கவில்லை. நெல்லைச் சீமைக்காரர்களுக்கு 1997 நினைவிருக்கும். அப்போது அரசு பஸ்களுக்குத் தலைவர்கள் பெயர் இருந்தது. நெல்லையில் கட்டபொம்மன், நாகர்கோவிலில் நேசமணி, மதுரையில் பாண்டியன் என்று ஓடின. விருதுநகர் மாவட்டத்தில் புதிதாகத் தொடங்கிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைக்கப்பட்டது. ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கவர்னகிரியில் பிறந்தவர் அவர், கட்டபொம்மனின் படைத்தளபதி. மன்னர் பெயரில் ஓடிய பஸ்ஸில் ஏறியவர்கள், தளபதி பெயரில் ஓடும் பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள். தளபதி தேவேந்திரர் என்பதே காரணம். தென் மாவட்டங்களில் கலவரம் வெடித்தது, உயிர்கள் போயின. கடைசியில் அரசு என்ன செய்தது? எல்லாத் தலைவர்கள் பெயரையும் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும், மாவட்டங்களிலிருந்தும் எடுத்துவிட்டது. ஒரே ஒரு தலித் வீரனின் பெயரைத் தாங்க முடியாததால் தமிழ்நாட்டு பஸ்கள் எல்லாம் பெயர் இழந்தன. இன்று நீங்கள் ஏறும் பஸ்ஸின் பக்கவாட்டில் ஊர்ப் பெயர் மட்டும் இருப்பதற்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது.

இதெல்லாம் பழைய கதை என்று ஒதுக்க முடியவில்லை. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில், தேர்வு எழுத பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த 11-ஆம் வகுப்பு தலித் மாணவர் வழிமறித்து வெட்டப்பட்டார். கைவிரல்கள் துண்டாயின. கபடிப் போட்டியில் அவர் ஆடிய அணி வென்றதுதான் பகைக்குக் காரணம் என்று செய்திகள் வந்தன. பஸ் என்பது நம் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் போகும் வழி. அந்த வழியில் பாதுகாப்பு இல்லையென்றால் படிப்பே நின்றுபோகும்.

இன்னொரு பக்கம் நல்லதும் நடந்திருக்கிறது. 2021 மே மாதம் தொடங்கிய பெண்களின் கட்டணமில்லாப் பயணம், கூலி வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் போகும் நம் அக்கா தங்கைகளுக்குப் பெரிய உதவி. கையில் காசில்லாமலே டவுனுக்குப் போய்வர முடிகிறது. ஆனால் சாதாரண நகரப் பேருந்து வரும் ஊருக்குத்தான் அந்தச் சலுகை. பஸ்ஸே வராத தெருவுக்கு இலவசம் என்பது வெறும் சொல். வந்தாலும் ஊர் நிறுத்தத்தோடு திரும்பிப் போனால், அங்கிருந்து நம் வீடு வரை இருட்டில் நடந்து வரும் மாணவிக்கு அந்த 400 மீட்டர்தான் பயணத்திலேயே நீளமான தூரம். 2025 ஜூனில் தொடங்கிய புதிய மினி பஸ் திட்டம் பஸ் வசதியில்லாத பகுதிகளை நோக்கியது. அந்த வண்டிகள் ஊர்ச் சாவடியில் திரும்புகின்றனவா, நம் தெரு வரை வந்து திரும்புகின்றனவா என்பதை நாம் ஒவ்வொரு ஊரிலும் பார்த்துச் சொல்ல வேண்டும்.

நாலு வழிச் சாலை யாரை வெட்டுகிறது?

பெரிய சாலை வரும்போது நம்மவர்கள் இழப்பது எது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. நிலம் இருப்பவர்களுக்குப் பணம் வருகிறது. குறைவோ கூடவோ, பட்டாவில் பெயர் இருந்தால் இழப்பீடு உண்டு. நம் மக்களில் பெரும்பாலோருக்கு நிலம் இல்லை. சாலையோரப் புறம்போக்கில் வீடு கட்டியிருப்பார்கள், ஏனென்றால் அங்கேதான் யாரும் விரட்டாமல் இருக்க முடிந்தது. சாலை அகலமாகும்போது முதலில் காலி செய்யச் சொல்வதும் அவர்களைத்தான். ஆக்கிரமிப்பு என்று ஒரே சொல்லில் கதை முடியும்.

பஞ்சமி நிலத்தின் கதை தனி. 1891-இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்கீர் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு நம் முன்னோருக்கு ஒதுக்கப்பட்ட நிலங்களில் பெரும்பகுதி கைமாறிவிட்டது. அந்த நிலத்தின் வழியாகச் சாலை போனால் இழப்பீடு யாருக்குப் போகும்? இப்போது யார் பெயரில் பட்டா இருக்கிறதோ அவருக்கு. விற்கக் கூடாத நிலத்தை வாங்கியவர், அரசிடமே அதற்கு விலையும் வாங்கிக்கொண்டு போய்விடுவார். அதன் பிறகு மீட்பதற்கு நிலமே இருக்காது. ஆகவே எந்தச் சாலைக்கும் இழப்பீடு கொடுப்பதற்கு முன்பு, அந்தச் சர்வே எண் பழைய ஆவணத்தில் ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டதா என்று பார்த்தாக வேண்டும்.

கூலித் தொழிலாளிகளுக்கும் சட்டத்தில் இடம் உண்டு என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2013 சட்டப்படி, எடுக்கப்படும் நிலத்தில் மூன்று ஆண்டுகளாக வேலை செய்து, அதையே முதன்மை வாழ்வாதாரமாகக் கொண்ட விவசாயக் கூலிக் குடும்பமும் பாதிக்கப்பட்ட குடும்பம்தான். குத்தகைதாரரும் அப்படியே. அந்தச் சட்டத்தின் இழப்பீடு, மறுவாழ்வு விதிகள் 2015 முதல் தேசிய நெடுஞ்சாலைகளுக்கும் பொருந்தும். ஆனால் கணக்கெடுக்க வருபவர் பட்டாதாரரிடம் கேட்டு எழுதிக்கொண்டு போய்விட்டால், களை எடுத்த அக்காவின் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது. கணக்கெடுக்கும் நாளிலேயே நாம் அங்கே இருக்க வேண்டும்.

சாலை வந்த பிறகும் தொல்லை தொடர்கிறது. நாலு வழிச் சாலைக்கு இந்தப் பக்கம் நம் தெரு, அந்தப் பக்கம் பள்ளிக்கூடமும் வேலை செய்யும் வயலும் இருந்தால், நடுத் தடுப்பைத் தாண்டித்தான் போக வேண்டும். சுரங்கப்பாதை எங்கே வரும், சர்வீஸ் ரோடு எங்கே முடியும் என்பதெல்லாம் வரைபடத்திலேயே முடிவாகிவிடுகிறது. அந்த நேரத்தில் யார் போய்ப் பேசுகிறார்களோ அவர்கள் ஊருக்குப் பாதை கிடைக்கிறது. பேச ஆள் இல்லாத தெருவின் பிள்ளைகள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடக்கிறார்கள்.

துறைமுகத்தில் நம் பங்கு

துறைமுகங்களோடு நம் உறவு புதிதன்று. 1860-இல் சென்னையிலிருந்து நேட்டாலுக்குப் புறப்பட்ட ட்ரூரோ கப்பலிலும், மொரீஷியஸ், மலேயா, பிஜி போன கப்பல்களிலும் ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றப்பட்டவர்களில் நம் முன்னோர் பலர். தூத்துக்குடி வழியாக இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களிலும் அப்படியே. அன்று துறைமுகத்தில் நாம் சரக்குகளில் ஒன்றாக இருந்தோம்.

சுதந்திரத்துக்குப் பிறகு பெரிய துறைமுகங்கள் அரசு நிறுவனங்களாக இருந்ததால் இட ஒதுக்கீடு இருந்தது. அந்த ஒதுக்கீட்டில் வேலைக்குப் போன ஒருவர், ஒரு தலைமுறையையே படிக்கவைத்த கதை நம் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. இப்போது நிலைமை மாறுகிறது. 2021-இல் பெரிய துறைமுகங்களுக்குப் புதிய சட்டம் வந்தது. தளங்களைத் தனியார் கட்டி, தனியாரே இயக்கும் முறை வளர்ந்துவருகிறது. துறைமுகம் நிலத்துக்குச் சொந்தக்காரர், வேலை தருபவர் தனியார். தனியாரிடம் இட ஒதுக்கீடு கிடையாது. சரக்கு கூடக்கூட வேலையும் கூடும் என்கிறார்கள். எந்த வேலை? ஒப்பந்தத் தொழிலாளியாகச் சுமை தூக்கும் வேலைதான் நமக்கு என்றால், கப்பல் ஏறிய காலத்திலிருந்து நாம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்?

சாலைப் பணியிலும் இதே நிலைதான். தார் ஊற்றும் கொதியில் நிற்பவர்களில் நம் ஆட்கள் அதிகம். கான்ட்ராக்ட் எடுப்பவர்களில் நம் ஆட்கள் எத்தனை பேர்? பக்கத்துக் கர்நாடகத்தில் அரசுக் கட்டுமான ஒப்பந்தங்களில், ஒரு வரம்புக்கு உட்பட்ட பணிகளில் பட்டியல் சாதி, பழங்குடிக்குச் சேர்த்து 24.1 சதவீதம் ஒதுக்க சட்டமே இருக்கிறது. முதலில் ரூ.50 லட்சம் வரையான பணிகளுக்கு இருந்ததை 2023-இல் ரூ.1 கோடி வரை உயர்த்தினார்கள். சமூகநீதி மண் என்று சொல்லிக்கொள்ளும் தமிழ்நாட்டில் அப்படி ஒரு சட்டம் கேட்பது பேராசை ஆகாது.

நாம் செய்ய வேண்டியது

அரசு செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, ஒவ்வொரு மாவட்டத்திலும் பாதை இல்லாத தலித் குடியிருப்புகளையும், வழி இல்லாத சுடுகாடுகளையும் ஊர் ஊராகக் கணக்கெடுத்து வெளியிட வேண்டும். இரண்டாவது, சம்மதம் கிடைக்காத இடங்களில் கலெக்டர்கள் 1978 சட்டத்தைப் பயன்படுத்தி, உரிய இழப்பீடு கொடுத்து, பாதைக்கு நிலம் எடுக்க வேண்டும். மூன்றாவது, துணைத்திட்ட நிதிக்காக 2024-இல் சட்டமன்றம் சட்டம் இயற்றியிருக்கிறது. அந்த நிதி நம் தெருவில் தெரிய வேண்டும். எல்லாருக்கும் பொதுவாகப் போட்ட சாலையில் ஒரு பங்கை நமக்குச் செய்ததாக எழுதிக்கொள்ளும் பழக்கம் நிற்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவையும் உண்டு. படித்த பிள்ளைகள் தங்கள் ஊரின் அ-பதிவேட்டையும் புல வரைபடத்தையும் எடுத்துப் பாருங்கள். நம் பாதை அதில் வண்டிப்பாதை, பாதைப் புறம்போக்கு என்று பதிவாகியிருந்தால், அதை அடைப்பது ஆக்கிரமிப்பு. பொதுப் பாதையையோ சுடுகாட்டையோ நாம் பயன்படுத்தவிடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம் என்று 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் தெளிவாகச் சொல்கிறது. பாதை பட்டா நிலத்தில் போவதாக இருந்தால், மனுவில் வழி கேட்கிறோம் என்று மட்டும் எழுதாதீர்கள். 1978 சட்டத்தின்படி நிலம் எடுத்துத் தர வேண்டும் என்று சட்டத்தின் பெயரைச் சொல்லி எழுதுங்கள். பட்டா நிலம் என்ற பழைய பதிலை அந்த ஒரு வரி அடைத்துவிடும்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அடுத்த சபையில் இரண்டு தீர்மானங்களைக் கேளுங்கள். நம் தெரு வரை பஸ் வந்து திரும்ப வேண்டும். நம் சுடுகாட்டுக்குப் பாதை வேண்டும். தீர்மானத்தை எழுதவைத்து, நகல் வாங்கி வையுங்கள். எழுத மறுத்தால், மறுத்த நாளையும் நேரத்தையும் குறித்து கலெக்டருக்கு அனுப்புங்கள். தனியாளாகப் போகாமல் தெருவாகப் போங்கள்.

சாலையின் நீளத்தைத் துறைமுக வாசலிலிருந்து அளந்தால் தமிழ்நாடு எங்கேயோ போய்விட்டதாகத் தெரியும். நம் தெரு முனையிலிருந்து அளந்து பார்த்தால்தான் உண்மை தெரியும். அடுத்த மழைக்காலத்தில் நம் தெருவில் ஒரு பெரியவர் கண்ணை மூடினால், அவரைச் சேற்றில் இறங்காமல், யாரிடமும் கெஞ்சாமல் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு பாதை வேண்டும். கேட்பது அவ்வளவுதான்.